கொறித்துக் கொல்லும் குடல் அமீபா

1933 மே 27 அன்று சிகாகோவில் உலகக் கண்காட்சி தொடங்கியது. 'முன்னேற்றத்தின் நூற்றாண்டு' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவின் முதுகெலும்பை முறித்துப் போட்டிருந்த காலம் அது. வேலையில்லை, கையில் காசில்லை. இருந்தும் மிச்சிகன் ஏரிக்கரையில் விளக்கொளியில் எழும்பி நின்ற அந்தப் புதிய நகரத்தைப் பார்க்க மக்கள் ரயிலேறி வந்தார்கள். அந்த முதல் ஆண்டில் மட்டும் 2 கோடிப் பேருக்கு மேல். பெரிய ஹோட்டல்களில் இரண்டு மூன்று நாள் தங்கினார்கள், சுற்றிப் பார்த்தார்கள், ஊர் திரும்பினார்கள்.

திரும்பி இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிலருக்கு வயிறு முறுக்க ஆரம்பித்தது. முதலில் லேசான வலி, பிறகு பேதி, பிறகு சளியும் ரத்தமும். உள்ளூர் மருத்துவர்கள் பெருங்குடல் அழற்சி என்றார்கள், குடல்வால் அழற்சி என்றார்கள். சிலரை அறுவை மேசையில் கிடத்தி வயிற்றைத் திறந்தார்கள். ஏற்கனவே புண்ணாகி, ஈரக் காகிதம்போல் நைந்திருந்த குடலில் கத்தி பட்டால் என்ன ஆகும்? அறுவைக்குப் பிறகு பலர் பிழைக்கவில்லை.

நோயாளிகள் எல்லோரும் ஒரே ஊரில் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் விஷயம் வெளியே வந்திருக்கும். இவர்களோ நூற்றுக்கணக்கான ஊர்களில் சிதறிக் கிடந்தார்கள். ஒரு மருத்துவருக்கு ஒரு நோயாளி. அவருடைய கண்ணுக்கு அது ஒரு தனி மனிதரின் வயிற்றுக் கோளாறு, அவ்வளவுதான். நியூயார்க் இரவு விடுதிகளின் ராணி என்று பேர்பெற்றிருந்த டெக்சஸ் கினன் அப்போது தன் குழுவோடு ஊர் ஊராக நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். நவம்பர் 5 அன்று கனடாவின் வான்கூவரில் இறந்துபோனார். வயது 49. சிகாகோவில் தங்கியிருந்தபோது தொற்றிய அமீபா சீதபேதிதான் காரணம் என்று சொல்லப்பட்டது.

கடைசிக் கணக்கு எடுத்தபோது 1,409 நோயாளிகள், 98 சாவுகள். தடம் பிடித்துக்கொண்டே பின்னால் போனவர்கள் வந்து நின்ற இடம், அருகருகே இருந்த இரண்டு பெரிய ஹோட்டல்கள்.

அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், ஆளைப் பார்த்துவிடுவோம்.

நாலு கண் முட்டை

சீதபேதி, ரத்தபேதி, வயிற்றுக்கடுப்பு. நம் வீடுகளில் இந்தப் பெயர்கள் புதிதல்ல. போய்விட்டு வந்த அடுத்த நிமிடமே மறுபடி போக வேண்டும்போல் ஒரு முக்கல், போனால் ஒரு கரண்டி சளியும் ரத்தமும். 'கடுப்பு' என்ற சொல்லை நம் பாட்டிமார் எவ்வளவு சரியாகத் தேர்ந்து வைத்திருக்கிறார்கள் என்பது அதை அனுபவித்தவருக்குத்தான் தெரியும். இந்தக் கடுப்பைப் பாக்டீரியாவும் உண்டாக்கும், அமீபாவும் உண்டாக்கும். பாக்டீரியா கொடுக்கும் கடுப்பு காய்ச்சலோடு சட்டென்று வரும். அமீபா கொடுப்பது பெரும்பாலும் மெதுவாக வரும், நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும். காய்ச்சல் பலருக்கு இருக்காது. அதனாலேயே ஆள் நடமாடிக்கொண்டே இருப்பார், வேலைக்கும் போவார்.

அந்த அமீபாவின் பெயர் எண்டமீபா ஹிஸ்டோலிடிகா. ஒரே செல். அதற்கு இரண்டு வடிவம் உண்டு. வெளியுலகில் அது ஒரு கூடு. உருண்டையான, கெட்டியான சுவர் கொண்ட முட்டைபோன்ற பொருள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுப் பெரியது. முற்றிய கூட்டுக்குள் நான்கு உட்கருக்கள் இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் நாலு கண் விழித்துப் பார்ப்பதுபோல் தெரியும். ஈரமான மண்ணிலும் தண்ணீரிலும் இந்தக் கூடு வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நகராட்சி வழக்கமாகக் கலக்கும் அளவு குளோரின் அதைக் கொல்லாது. கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவத்தையும் நம்ப முடியாது. கொதிநீருக்கு மட்டும் அது தாங்காது.

அந்தக் கூட்டை விழுங்கினால், வயிற்றின் அமிலத்தையும் தாண்டிச் சிறுகுடலுக்குப் போய்ச் சேரும். அங்கே கூடு உடைந்து, உள்ளிருந்ததெல்லாம் பிரிந்து எட்டு அமீபாக்கள் வெளிவரும். அவை பெருங்குடலுக்கு நகர்ந்து, அங்குள்ள பாக்டீரியாக்களைத் தின்று வாழும். இதில் ஆறுதலான சங்கதி ஒன்று உண்டு. தொற்றிய பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு எதுவுமே ஆகாது. அமீபா தின்னும், பெருகும், மறுபடி கூடாக மாறி மலத்தோடு வெளியேறும். அந்த மனிதருக்குத் தன் குடலில் ஒரு குடித்தனம் நடப்பதே தெரியாது. நோய் வருவது பத்தாவது ஆளுக்குத்தான். ஏன் அவருக்கு மட்டும் என்பது இன்னும் முழுதாக அவிழாத முடிச்சு.

இன்னொரு சங்கதி, இந்தக் கட்டுரை முழுவதற்குமான அச்சாணி. மனிதனை விட்டால் இந்த அமீபாவுக்கு வேறு வீடு இல்லையென்றே சொல்லலாம். எலிக்காய்ச்சலுக்கு எலி, ரேபிஸுக்கு நாய் என்று கைகாட்ட ஒரு பிராணி இருக்கிறது. இதற்கு அப்படி யாரும் இல்லை. ஒருவருக்குக் குடல் அமீபா தொற்றியிருக்கிறது என்றால், இன்னொரு மனிதரின் மலம் ஏதோ ஒரு வழியில் அவர் வாய்க்குள் போயிருக்கிறது என்று பொருள். இதைச் சொல்ல வாய் கூசும். கூசிக்கொண்டு சொல்லாமல் விட்டதால்தான் பாதிக் கேடு.

(கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் பலரைப் பலிவாங்கிய 'மூளையைத் தின்னும் அமீபா' இதுவல்ல. அது தண்ணீரிலும் மண்ணிலும் தானாக வாழ்வது, மூக்கு வழியாக ஏறுவது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கரைப்பதா, கடிப்பதா

ஹிஸ்டோலிடிகா என்றால் திசுவைக் கரைப்பது என்று அர்த்தம். 1903இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஃப்ரிட்ஸ் ஷௌடின் வைத்த பெயர். குடல் சுவரில் அது உண்டாக்கும் புண்ணைப் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். மேலே சின்ன வாய், உள்ளே அகன்ற வயிறு, கூஜாவைப் போன்ற புண். ஏதோ அமிலத்தை ஊற்றிக் கரைத்ததுபோல் இருக்கும். நூறு வருடத்துக்கும் மேலாகப் பாடப்புத்தகங்கள், அமீபா முதலில் செல்லைக் கொல்கிறது, பிறகு பிணத்தை விழுங்குகிறது என்று சொல்லிவந்தன.

2014இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் பெட்ரியின் ஆய்வகத்தில் கேத்ரின் ரால்ஸ்டன் அந்தக் காட்சியை உயிரோடு படம்பிடித்தார். அமீபா முதலில் சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றும் ஒரு புரதத்தால் குடல் செல்லோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு உயிரோடிருக்கும் செல்லிலிருந்து ஒரு துணுக்கைக் கடித்து எடுக்கிறது. இன்னொரு துணுக்கு. இன்னொன்று. பொரிவிளங்காய் உருண்டையைக் குழந்தை ஓரம் ஓரமாகக் கொறிப்பதுபோல். கடிபட்ட செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, அது சாகிறது. செத்ததும் அமீபா கடிப்பதை நிறுத்திவிட்டு அடுத்த உயிருள்ள செல்லைத் தேடிப் போகிறது. எனக்கு இந்த இடம் படிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். பசிக்காகத் தின்பது என்றால் செத்ததையும் தின்று முடிக்க வேண்டுமே. கொல்வதற்காகவே கொறிக்கிறது.

ரால்ஸ்டன் பின்னாளில் தன் சொந்த ஆய்வகத்தில் இன்னொன்றையும் காட்டினார். கடித்தெடுத்த மனித செல்லின் சவ்விலுள்ள புரதங்களை அமீபா தன் மேல்தோலில் போர்த்திக்கொள்கிறது. ரத்தத்தில் ரோந்து சுற்றும் பாதுகாப்புப் புரதங்கள் அதைக் கண்டு, நம்ம ஆள் என்று விட்டுவிடுகின்றன. ஒரே ஒரு செல். மூளை இல்லை, நரம்பு இல்லை, மற்ற செல்களுக்கு உள்ளதுபோன்ற மைட்டோகாண்ட்ரியாகூட இல்லை, அதன் தேய்ந்த எச்சம்தான் இருக்கிறது. அதனிடம் இவ்வளவு சாமர்த்தியம்.

ஒரு பெயருக்குள் இரண்டு பேர்

இந்த அமீபாவை நோயோடு சேர்த்து முதலில் பார்த்தவர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த ஃபியோதோர் லோஷ். வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த 24 வயது விவசாயி ஒருவர் தீராத பேதியோடு அவரிடம் வந்தார். மலத்தில் நெளிந்த அமீபாக்களை லோஷ் நுணுக்கமாக வரைந்தார், நாய்களுக்குள் செலுத்திப் பார்த்தார், 1875இல் எழுதி வெளியிட்டார். நோயாளி பிழைக்கவில்லை. வெப்பநாட்டு நோய் என்று இன்று பலரும் நினைக்கும் இது முதன்முதலில் பதிவானது ஆர்க்டிக் வட்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரரிடம். வெயிலுக்கும் இதற்கும் உறவு கொஞ்சம்தான், சாக்கடைக்கும் இதற்கும்தான் நெருங்கிய உறவு.

பார்த்தாயிற்று, சரி. இதுதான் நோய்க்குக் காரணம் என்பதற்கு என்ன நிரூபணம்? 1913இல் மணிலாவில் வாக்கர், செல்லார்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் பிலிபிட் சிறைக் கைதிகளுக்கு அமீபாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். 20 பேர் விழுங்கினார்கள். 18 பேருக்குத் தொற்றியது. 4 பேருக்குத்தான் சீதபேதி வந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர் கொடுக்கும் சம்மதம் எந்த மாதிரிச் சம்மதம் என்ற கேள்வி இந்த எண்களைப் படிக்கும்போது தொண்டையில் நிற்கிறது. ஆனாலும் அமீபா மருத்துவத்தின் அடித்தளத்தில் அந்த 20 பேரின் உடம்பு கிடக்கிறது, அதை மறைத்து எழுத முடியாது.

தொற்று பலருக்கு, நோய் சிலருக்கு. இந்தக் கணக்கை வைத்து 1925இல் பாரிஸில் எமில் புரும்ப்ட் ஒரு கருத்தைச் சொன்னார். நாம் ஒன்று என்று நினைப்பது இரண்டு இனங்கள். பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். ஒன்று கெடுதல் செய்யும், இன்னொன்று செய்யாது. செய்யாததற்கு எண்டமீபா டிஸ்பார் என்று பெயரும் வைத்தார். யாரும் காது கொடுக்கவில்லை. நுண்ணோக்கியில் வித்தியாசம் தெரியாதபோது எப்படி நம்புவது? புரும்ப்ட் 1951இல் இறந்தார். 1978இல் லண்டனில் சார்ஜண்ட் என்ற ஆய்வாளர் அமீபாக்களின் நொதிகளைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு அணிகள் தெரிந்தன. பிறகு மரபணுச் சான்றுகளும் சேர்ந்தன. 1993இல் லூயிஸ் டயமண்டும் கிரஹாம் கிளார்க்கும் இரண்டும் வெவ்வேறு இனங்களே என்று முறைப்படி எழுதினார்கள். சொன்னவர் சொல்லி 68 ஆண்டு கழித்து அவர் வாக்கு நின்றது.

இது நமக்கு எதற்கு? மலப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் வேண்டும். சாதாரண லேபில் நுண்ணோக்கி வழியாகக் கூட்டைப் பார்த்து 'ஹிஸ்டோலிடிகா' என்று எழுதினால், அது கெட்டதா, சாதுவான டிஸ்பாரா என்று அந்தக் கண்ணாடிச் சில்லால் சொல்ல முடியாது. ரத்தச் சிவப்பணுக்களை விழுங்கிய நடமாடும் அமீபா தெரிந்தால் மட்டும் கெட்டதுதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மற்றபடி மலத்தில் அதன் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் சோதனையோ, மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையோ செய்தால்தான் தெரியும். ரிப்போர்ட்டில் 'எண்டமீபா கோலை' என்று இருந்தாலும் பதற வேண்டாம். முற்றிய கூட்டில் எட்டு உட்கரு கொண்ட அது நம் குடலில் சும்மா இருந்துவிட்டுப் போகும் விருந்தாளி. அதற்கு மாத்திரை தேவையில்லை.

இந்தக் குழப்பம் எதிர்ப்பக்கத்திலும் ஆளைக் கொல்லும். குடல் அமீபாப் புண்ணும், உடம்பே தன் குடலைத் தாக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற நோயும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பின்னதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அமீபா இருக்கும் குடலுக்கு ஸ்டீராய்டு போனால் காவல்காரன் கையைக் கட்டிப்போட்டது போலாகிவிடும். குடல் ஓட்டை விழுந்து உயிர்போகும் நிலைக்கு வந்துவிடும். ஸ்டீராய்டு தொடங்கும் முன் அமீபா இல்லை என்று பார்த்துவிட்டீர்களா டாக்டர் என்று நோயாளியின் வீட்டார் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

சமையற்காரர் மேல் விழுந்த சந்தேகம்

சிகாகோவுக்குத் திரும்புவோம். ஆகஸ்ட் மாதத்திலேயே நகரச் சுகாதாரத் துறையின் கண்ணில் முதல் நோயாளிகள் பட்டுவிட்டார்கள். தலைவர் ஹெர்மன் பண்டசன். தகவல் வந்ததும் அவருடைய துறை எங்கே போனது தெரியுமா? சமையலறைக்கு. சமையற்காரர், பரிமாறுபவர், தட்டுக் கழுவுபவர் என்று எல்லோருடைய மலத்தையும் சோதித்தார்கள். பலரிடம் அமீபா இருந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். தொற்று இருந்தவர்களை வேலையிலிருந்து விலக்கினார்கள். கண்காட்சி நடந்துகொண்டேயிருந்தது, கூட்டம் வந்துகொண்டேயிருந்தது. நாடு முழுவதும் கேட்கும்படி எச்சரிக்கை மணி அடித்தது நவம்பரில்தான். கண்காட்சியின் அந்த ஆண்டுக் கதவு நவம்பர் 12 அன்று மூடியது. அந்தச் சில மாத அமைதிக்கு எத்தனை உயிர் விலையானது என்று கணக்குப் போட யாராலும் முடியாது. ஆனால் விலை இருந்தது.

பிறகு பொறியாளர்கள் சுவர்களுக்குள்ளும் தரைக்கடியிலும் போனார்கள். பழைய கட்டடங்கள். பலமுறை இடித்து, சேர்த்து, ஒட்டுப்போட்ட குழாய்கள். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் தவறுதலாக ஒன்றோடொன்று கோத்திருந்த இணைப்புகள் இருந்தன. குடிநீரைக் குளிர்விக்கும் தொட்டி இருந்த இடத்தில் கழிவுநீர் கசிந்தது. விருந்தினர் மேசையில் ஐஸ் போல் சில்லென்று வைக்கப்பட்ட கண்ணாடித் தம்ளர் தண்ணீரில், மேல்மாடியில் யாரோ கழித்தது கலந்திருந்தது.

இப்போது சமையலறைத் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் அமீபா இருந்தது உண்மை. இருக்காதா பின்னே? தினமும் அதே தண்ணீரைக் குடித்தவர்கள் அவர்கள். விருந்தாளி மூன்று நாள் குடித்துவிட்டுப் போனார், இவர்கள் வருடக்கணக்கில் குடித்தார்கள். முதல் பலிகள் முதல் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சுத்தமில்லாதவர்கள் என்ற பெயரோடு வேலையும் போனது.

சிகாகோவில் நடந்ததை ஒற்றைக் கதையாக நான் சொல்லவில்லை. மறு ஆண்டு அதே நகரில் கால்நடைச் சந்தை எரிந்தபோது, தீயணைக்க ஓடியவர்கள் தாகத்துக்கு அங்கிருந்த கெட்ட தண்ணீரைக் குடித்து அமீபாவை வாங்கிக்கொண்டார்கள். 1998இல் ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசியில் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு அமீபா நோய் வந்தபோதும் விரல் நகரத்தின் குடிநீரை நோக்கியே நீண்டது. கழுவாத கையும் நகக்கண் அழுக்கும் பரப்பும் என்பதில் சந்தேகமில்லை. ஈயும் கரப்பானும்கூடச் சுமந்து போகும். ஆனால் ஒரு கை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும், ஒரு குழாய் ஒரு ஊருக்கே கொடுக்கும். நோய் வந்ததும் கையைச் சோதிக்க ஓடுகிற வேகத்தில் பாதியாவது குழாயைத் தோண்டுவதில் காட்டினால், பல ஊர்களில் பலர் பிழைத்திருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஈரலுக்குப் போகும் பாதை

குடலைத் துளைத்த அமீபாக்களில் சில ரத்த நாளத்துக்குள் விழுந்துவிடும். குடலின் ரத்தம் முழுவதும் நேராகப் போய்ச் சேரும் இடம் கல்லீரல். அமீபாவும் அங்கே போய் இறங்கும், கொறிக்கத் தொடங்கும். நாளடைவில் ஈரலுக்குள் ஒரு குழி விழும். அதில் தேங்கும் திரவத்தைச் சீழ் என்கிறோம். உண்மையில் அது கரைந்த ஈரல்தான். செங்காவியைக் கெட்டியாகக் கரைத்ததுபோன்ற நிறம், நாற்றம் பெரும்பாலும் இருக்காது. விடாத காய்ச்சல், வலது விலாவுக்கடியில் வலி, சிலருக்கு வலது தோள்பட்டையில் குத்தல், உடம்பு இளைத்துப்போதல். இந்த நேரத்தில் பலருக்குப் பேதியே இருக்காது. எப்போதோ தொற்றியது மாதங்கள் கழித்து, சிலருக்கு வருடங்கள் கழித்து ஈரலில் வெளிப்படும். அதனால்தான் வயிற்றோடு யாரும் இதை முடிச்சுப் போடுவதில்லை. சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும், குழி தெரிந்துவிடும்.

இந்த ஈரல் கட்டி வரும் பெண் ஒருவர் என்றால் ஆண்கள் ஏழு முதல் பத்துப் பேர். தொற்று இருபாலாருக்கும் ஒன்றுபோலத்தான் ஏற்படுகிறது. ஈரல் கெடுவது பெரும்பாலும் ஆணுக்கு. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாக இது பெரிய பிரச்சினை. அங்கே போதனா வைத்தியசாலைக்கு இப்படி வந்து சேர்ந்தவர்களை மருத்துவ பீடத்தினர் ஆராய்ந்து, மரபணுச் சோதனையால் ஹிஸ்டோலிடிகாதான் என்று உறுதிசெய்தார்கள். வந்தவர்கள் ஏறத்தாழ எல்லோருமே ஆண்கள். நடுத்தர வயது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் கள்ளு குடிப்பவர்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஈரல் கட்டியோடு வருபவர்களிடம் மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்வி குடிப்பழக்கத்தைப் பற்றியதுதான்.

பனையேறி இறக்கிய கள்ளிலேயே அமீபா இருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அளவு கூட்டக் கலந்த தண்ணீரா, கழுவாத பாத்திரமா, மதுவால் நைந்த ஈரல் அமீபாவுக்கு எளிதில் இடம் கொடுப்பதா என்ற கேள்விகள் இருக்கின்றன. சிகாகோவில் சமையற்காரர் மேல் விழுந்த அவசரத் தீர்ப்பு இங்கே கள்ளிறக்கும் தொழிலாளி மேல் விழக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

வேரும் மாத்திரையும்

இவ்வளவு கொடிய நோய்க்கு மருந்து மலிவானது. கையில் கிடைப்பது.

முதல் மருந்து பிரேசில் காட்டின் ஒரு வேர். இபிகாக் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஹெல்வெஷியஸ் என்ற மருத்துவர் அதை ரகசிய மருந்தாக விற்றுப் பணம் சேர்த்தார், பிரெஞ்சு அரசவைவரை புகழ் போனது. 1817இல் அந்த வேரிலிருந்து எமெட்டின் என்ற சாரத்தைப் பிரித்தார்கள். எமெட்டின் அமீபாவைக் கொல்கிறது என்று மணிலாவில் எட்வர்ட் வெடர் கண்டார். 1912இல் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் அதை ஊசியாகப் போட்டார். சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் எமெட்டின் இதயத்தையும் தாக்கும். ஊசி போடும் நாட்களில் நோயாளியைப் படுக்கையை விட்டு அசையவே விடமாட்டார்கள்.

1966இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பவலும் உடனிருந்தவர்களும், வேறொரு நோய்க்காக வந்திருந்த மெட்ரானிடசோல் அமீபாவின் குடல் நோயையும் ஈரல் கட்டியையும் குணமாக்குகிறது என்று எழுதினார்கள். அதன் வேலை அழகானது. மருந்து உள்ளே போகும்போது சாது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் அமீபாவின் வேதியியலே அதை நஞ்சாக மாற்றிவிடும். தன் அடுப்பிலேயே தான் வேகும். அன்று முதல் பெரும்பாலான ஈரல் கட்டிகளுக்குக் கத்தியே தேவைப்படுவதில்லை. கட்டி மிகப் பெரிதாகி உடையும் நிலையில் இருந்தால், அல்லது இதயத்துக்குப் பக்கமான இடது மடலில் இருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள்.

நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் 'வயித்தால போகுது' என்றதும் அறுத்துத் தரப்படும் நாலு மாத்திரை பெரும்பாலும் இந்த மருந்துதான், அல்லது இது சேர்ந்த கலவை. இதில் எனக்குப் பெரிய ஆதங்கம் உண்டு. தண்ணீராகப் போகும் சாதாரணப் பேதியில் பெரும்பாலானவற்றுக்கு வைரஸோ பாக்டீரியாவோ காரணம். அதற்கு வேண்டியது உப்புச் சர்க்கரைக் கரைசல். அங்கே இந்த மாத்திரை வீண். உண்மையிலேயே அமீபா இருப்பவரோ, இரண்டு நாளில் கடுப்பு நின்றதும் மிச்சத்தை அலமாரியில் போட்டுவிடுகிறார்.

முழுதாகச் சாப்பிட்டாலும் இன்னொரு பாதி வேலை மிச்சம். மெட்ரானிடசோல் குடலிலிருந்து வேகமாக ரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். திசுவுக்குள் இருக்கும் அமீபாவை அது தேடிக் கொல்லும். குடலின் உள்வெளியில் தங்கியிருப்பவை பலருக்குத் தப்பிவிடும். அவற்றை ஒழிக்க டைலாக்சனைடு ஃபூரோயேட், பரமோமைசின் போல் குடலுக்குள்ளேயே தங்கி வேலை செய்யும் இரண்டாவது மருந்து வேண்டும். மருத்துவ நூல்கள் எல்லாம் இதைச் சொல்கின்றன. மருந்துச் சீட்டில் இது அடிக்கடி விட்டுப்போகிறது. விட்டுப்போனால் நோயாளி நலமாகி வீட்டுக்குப் போவார், அவர் குடலிலிருந்து கூடுகள் தொடர்ந்து வெளியே வந்துகொண்டிருக்கும். சில மாதம் கழித்து அவருக்கே திரும்பவும் வரலாம். ஈரல் கட்டி குணமான ஒருவரோ, சீதபேதி தீர்ந்த ஒருவரோ 'இரண்டாவது மருந்து எழுதினீர்களா' என்று கேட்டே ஆக வேண்டும்.

மீர்பூரின் குழந்தைகள்

வங்கதேசத்தின் டாக்கா நகரிலுள்ள மீர்பூர், நெருக்கமான குடிசைப் பகுதி. அங்கே வயிற்றுப்போக்கு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரஷீதுல் ஹக்கும் வர்ஜீனியாவின் பெட்ரியும் பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்தே பின்தொடர்ந்துவருகிறார்கள். களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தையின் எடை, உயரம், பேதி எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள். பத்தாவது ஆளுக்கு மட்டும் ஏன் என்ற முடிச்சின் சில நூல்கள் அங்கேதான் அவிழ்ந்தன.

அமீபா ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் அந்தப் புரதத்துக்கு எதிராகக் குடலில் எதிர்ப்புப் புரதம் சுரக்கும் குழந்தைகளுக்கு மறுபடி தொற்றுவது குறைகிறது. தடுப்பூசி செய்ய முடியும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது. ஊசி இன்னும் வரவில்லை. ஊட்டம் குறைந்த குழந்தைக்கு அமீபா எளிதாகப் பிடிக்கிறது, பிடித்தால் குழந்தை இன்னும் தேய்கிறது. பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்ற ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் புரதத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் தொற்றும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு கூடுகிறது என்று 2011இல் கண்டார்கள். ஒரு குழந்தையின் பசியும் அதன் குடலின் காவலும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன.

மீர்பூர் போன்ற இடங்களில் தண்ணீர் நாள் முழுவதும் வராது. நம் ஊர்களிலும்தான். விட்டுவிட்டு வரும் தண்ணீரில் என்ன ஆபத்து என்று பலர் நினைப்பதில்லை. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். அடைத்ததும் குழாய் காலியாகி உள்ளே உறிஞ்சும். பக்கத்தில் சாக்கடை ஓடினால் அதுதான் உள்ளே போகும். பல வீடுகளில் அழுத்தம் போதாமல் மோட்டார் வைத்து இழுக்கிறார்கள், அப்போது உறிஞ்சல் இன்னும் கூடும். அடுத்த முறை தண்ணீர் திறந்ததும் முதல் குடத்தில் வருவது அது. அதனால்தான் முதல் பத்து நிமிடத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதே என்று தெருவில் அனுபவம் உள்ள பெண்கள் சொல்கிறார்கள். நிறம் மாறி, வாடை அடித்தால் அன்று முழுவதும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், கொதி வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும். வாடை இல்லாத நாளிலும் கூடு இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது.

சிகாகோவில் 98 பேர் இறந்த பிறகு அந்த ஹோட்டல்களில் குடிநீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். எந்தக் கட்டடத்திலும் இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது என்பதைக் கட்டட விதியாக வலியுறுத்தும் இயக்கமும் அதன்பின் அமெரிக்காவில் வலுத்தது. நம் தெருக்களில் குடிநீர்க் குழாய் இன்றும் பல இடங்களில் சாக்கடைக்குள் முங்கியபடியே வீட்டுக்குள் வருகிறது. அந்தக் குழாய் எங்கே முங்குகிறது என்பது அந்தத் தெருவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.